பத்தொன்பது மில்லிமீட்டர்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒன்பது பேருக்குத் தாள் வைத்தேன். கீழிமைக்குள் மெல்லிய தாள்துண்டைச் செருகி, ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொல்லி, எத்தனை மில்லிமீட்டர் நனைந்தது என்று எழுத வேண்டும். அலமாரி நிறைய நாவல் வைத்திருப்பவளுக்குக் கண்ணீர் அளக்கும் உத்தியோகம்.

கண் வறட்சிக்கான புதுச் சொட்டு மருந்து, அழற்சியைக் குறைக்குமாம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு அதே குப்பியில் வெறும் சொட்டு. யாருக்கு எது என்று பெரிய டாக்டருக்கே தெரியாது. பன்னிரண்டாம் வாரமும் பத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஓராண்டுக்கு அசல் மருந்து இலவசம்.

தையல்கார அக்காவுக்கு இன்றும் நான்கு. முதல் நாளும் நான்குதான். ஊசி கோக்கப் பக்கத்துக் கடைப் பெண்ணைக் கூப்பிடுகிறாராம்.

"சாயங்காலம் ஆனா கண்ணுல மணலை அள்ளிக் கொட்டின மாதிரி இருக்கு பாப்பா. எனக்கு வெறுந்தண்ணிதான் குடுத்திருக்காங்க, எழுதி வச்சுக்கோ."

மார்ச் 11

தாள் இருக்கும்போது பேசக்கூடாது என்று சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. மற்றவர்களிடம் பேசுவதில்லை. அக்காவிடம் மட்டும். கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்தால் பயமாக இருக்கிறது, ஏதாவது பேசு என்கிறார். பேசுகிறேன்.

மார்ச் 18

அக்காவின் பன்னிரண்டாம் வாரம். தாளைச் செருகிவிட்டு, வாய் சும்மா இராமல், "பொண்ணு எப்படிக்கா இருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

மூடிய இமைக்கடியிலிருந்து வழிந்தது. பெண் ஆறு மாதமாகப் பேசுவதில்லையாம். வறண்ட கண்ணும் அழும் — பயிற்சியின் முதல் நாளே சொன்னார்கள்.

பத்தொன்பது. எழுதிவிட்டேன். அழுதார் என்று குறிக்கப் படிவத்தில் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாமே? எழுதினால் ஏன் அழுதார் என்று கேட்பார்கள்.

மார்ச் 19

பெரிய டாக்டரிடம் போனேன். அந்த அக்கா அழுதுவிட்டார், இன்னொரு தடவை அளக்கலாமா என்றேன். அவர் நிமிரவே இல்லை.

"அளந்தது அளந்ததுதாம்மா. பிடிக்காத நம்பரை மாத்த ஆரம்பிச்சா ஆராய்ச்சி எதுக்கு?"

சரியான பேச்சு. அதுதான் எரிகிறது. கதவருகே போனதும் கேட்டார்: "நீ எதாவது பேசினியா?"

இல்லை என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது.

மார்ச் 27

முடிவுப் பட்டியலில் அக்காவின் எண்ணுக்கு நேரே 'முன்னேற்றம்'. மருந்து கிடையாது.

"நல்லாயிட்டேன்னு சொல்றாங்க பாப்பா. அப்புறம் ஏன் இப்படி எரியுது?"

வெயிலுக்குக் கையைக் கண்மேல் குடைபிடித்தபடி போனார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மார்ச் 28

படித்த கதைகளில் பொய் சொன்னவர்களை எல்லாம் என்ன அலட்சியமாக வெறுத்திருக்கிறேன்!

ஏப்ரல் 3

பெரிய டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். பேசினேன், பிறகு பொய்யும் சொன்னேன் — இரண்டையும். உண்மை தெரிந்தால் அக்காவுக்கு மறுபடி அளப்பார்கள் என்று நம்பினேன். மண்டு. மண்டு.

விதி மீறப்பட்டதால் அக்காவின் அளவுகள் மொத்தமும் தள்ளுபடி. அவர் ஆய்விலேயே இல்லை. இல்லாதவருக்கு எந்த மருந்து? நானும் நாளையிலிருந்து வர வேண்டாம்.

"வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல" என்றாள் அம்மா. எந்தத் தடவை என்று கேட்க நினைத்தேன்.

ஏப்ரல் 8

அக்காவின் கடைக்குப் போய்ச் சொன்னேன். மிஷின் நின்றது. என்னையே பார்த்தார், அந்தச் சிவந்த கண்ணோடு.

"என் அழுகைக்கு மார்க் போட்டியா நீ?"

பட்டன் தைக்க ஊசியை எடுத்தார். மூன்று முறை நூல் விலகிப் போனது. கை நீட்டினேன். தரவில்லை.

ஏப்ரல் 9

போனேன். தரவில்லை.

ஏப்ரல் 10

ஊசியை மேசைமேல் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஜூன் 10

மூக்குக்கண்ணாடிக் கடையில் பத்து மணிக்கு வேலை. அதற்கு முன் அக்காவின் கடை. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு ஊசி: கறுப்பு நூலில் ஐந்து, வெள்ளையில் ஐந்து, மீதி இரண்டு அன்றைய துணிக்குத் தக்கபடி. பஞ்சுத் திண்டில் வரிசையாகக் குத்தி வைக்கிறேன். மன்னித்தாரா, தெரியாது. கேட்கவும் மாட்டேன். இன்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டு வைத்திருந்தார்.

கோத்து முடிக்க ஐந்து நிமிடம் ஆகிறது. நான் பேசுவதில்லை.