அப்பாவின் கையில் இருந்த பெயர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், அப்பாவும் நலம், அவருடைய வலது கை மட்டும் ஏறக்குறைய நலம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதை வாராவாரம் போனில் பார்க்கிறேன், இருந்தாலும் கடிதத்தில் கேட்டால்தான் கேட்ட மாதிரி இருக்கிறது, சுகம்தானே? போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். பத்து மாதமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நீ கேட்கிறாய், "ஏம்மா, இந்தப் புழுக்கத்துல அப்பா எதுக்கு முழுக்கைச் சட்டையோட உட்கார்ந்திருக்காரு?" என்று. நான் வாயைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் பிரேக்கை மிதிக்கிற மாதிரி என் காலை மிதிக்கிறார். போனில் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இப்போது டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறார், வருவதற்குள் எழுதி முடிக்கப் பார்க்கிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அவர் முன்கையில் பச்சை குத்தியிருந்த அந்த நாலெழுத்துப் பெயரை நீ மறந்திருக்க மாட்டாய், நீ எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வார்த்தையே அதுதான். ஒன்றாம் வகுப்பில் அம்மா பெயர் என்ன என்று டீச்சர் கேட்டபோது அதைச் சொல்லி, அது ரெஜிஸ்டரில் ஏறி, இந்தப் பிள்ளையைப் பெற்றவள் நான்தான் என்று பள்ளிக்கூடத்தில் போய் நிரூபித்துவிட்டு வந்தேன். உன்னைச் சொல்லி என்ன, ஊரே அப்படித்தான். கார் ஓட்டக் கற்க வருகிறவர்கள், பக்கத்திலிருந்து ஸ்டீயரிங்கைப் பிடிக்க நீளும் அவர் கையைப் பார்த்து முதல் நாளே கேட்பார்களாம், "சார், இது உங்க வீட்டம்மா பேரா?" என்று. நடுரோட்டில் வேறு என்ன சொல்வது, "ஆமாம்மா, நீ ரோட்டைப் பாரு" என்பாராம். முப்பது வருஷத்தில் எத்தனை பேர் கற்றுக்கொண்டு போயிருப்பார்கள், அத்தனை பேரும் மருந்துக் கடையிலும் பாங்கிலும் என்னை அந்தப் பெயரைச் சொல்லி நிறுத்தி நலம் விசாரிப்பார்கள். ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன், பிறகு திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டேன். கல்யாணமான முதல் வாரத்தில் ஒரே ஒரு தடவை கேட்டேன், யாருங்க இது என்று. "அது பழைய கதை, விடு" என்றார். விட்டேன், அதாவது வாயால் விட்டேன். உன்னிடம் மறைப்பானேன், அந்தப் பெயரால் எனக்கு ஆதாயமும் உண்டு. எந்தச் சண்டையிலாவது நான் தோற்கிற மாதிரி வந்தால் ஒன்றும் பேசாமல் அவர் முன்கையை ஒரு பார்வை பார்ப்பேன், மனிதர் கப்சிப் ஆகிவிடுவார். வாஷிங் மெஷின் வாங்கியது, உன்னை வெளியூர்க் கல்லூரியில் சேர்த்தது, வாசல் கதவுக்கு நீலப் பெயிண்ட் அடித்தது எல்லாம் அந்தப் பார்வையின் சாதனைகள்.

போன வருஷம் எங்கள் நாற்பதாவது கல்யாண நாள் வந்தது. அதற்கு ஒரு பரிசு தர வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை, நான் சொல்லவில்லை. அப்போது அவரிடம் கார் கற்றுக்கொண்டிருந்த ஒரு பெண், கடைத்தெருவில் புதிதாகத் திறந்த அழகு நிலையத்தில் லேசர் மெஷின் பார்க்கிறவள். "சார், இதெல்லாம் இப்ப ஒண்ணுமே இல்ல, பத்து நிமிஷத்துல லைட் அடிச்சு எடுத்துடலாம், உங்களுக்கு ஃப்ரீ" என்றிருக்கிறாள். அவள் கியர் மாற்றுகிற லட்சணத்தைத் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர், அவளை நம்பிக் கையை நீட்டியிருக்கிறார். சுட்டதாம், நன்றாகவே சுட்டதாம், கத்தினால் அந்தப் பெண் பயந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாராம். எனக்கு ஊசி குத்தினால்கூட வெளியே போய் நிற்கிற மனிதர்.

கல்யாண நாள் காலையில் சமையலறை வாசலில் முழுக்கைச் சட்டையோடு வந்து நின்று, "உனக்கு ஒரு பரிசு வச்சிருக்கேன், கண்ணை மூடு" என்றார். மூடித் திறந்தால் சட்டையை மடித்துக் காட்டுகிறார். எழுத்துக்கு ஒன்றாக நாலு கொப்புளம், இரண்டு உடைந்து மஞ்சளாக நீர் வடிகிறது, முழங்கை வரை சிவந்து வீங்கியிருக்கிறது. மூன்று நாளாக என்னிடம் மறைத்து, தானே ஏதோ பவுடரைப் போட்டு வைத்திருக்கிறார். முகம் முழுக்கச் சிரிப்பு, தொட்டால் நெருப்பாகக் காய்ச்சல். நாற்பது வருஷத்தில் இவர் எனக்கு ஆசையாகக் கொடுத்த பரிசு இதுதான், இதையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாயிற்று.

தோல் டாக்டர் ஒரு அம்மாள், உன் வயதுதான் இருக்கும். கையைப் பார்த்ததும் முதலில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார், அளந்ததைப் பார்த்துவிட்டு அப்பாவோடு பேசுவதை நிறுத்தி என்னோடு பேச ஆரம்பித்தார். "முடி எடுக்கிற மெஷினை வச்சு அடிச்சிருக்காங்கம்மா. பச்சையில இருக்கிற மை அந்தச் சூட்டை அப்படியே உறிஞ்சிக்கும், அடுப்புல வச்ச தோசைக்கல்லு மாதிரி. பச்சையை எடுக்கிற லேசர் வேற, கண்ணிமைக்கிற நேரத்துல அடிச்சு மையைத் தூளாக்கிட்டு நின்னுடும், தூளை உடம்பே மெதுவா வெளியேத்திக்கும். நம்ம மாதிரி மாநிறத் தோலுக்கு அதையும் குறைச்சு வச்சு, ஒரு ஓரத்துல சோதிச்சுப் பார்த்துட்டுதான் அடிக்கணும்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சீழ் உள்ள இறங்கியிருக்கு, மருந்துக்குக் கேட்கலைன்னா சதையை வெட்டி எடுக்க வேண்டி வரும், ரெண்டு நாள் இங்கயே இருக்கட்டும்" என்றார். நான் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சுவர் முழுக்கப் பளபளவென்று கன்னங்களின் படம், முன், பின் என்று போட்டு. எதிரில் உட்கார்ந்திருந்த பெண் உங்களுக்கும் முகத்துக்குத்தானா என்று கேட்டாள். அந்தப் பெயர் தொலைந்தால் போதும் என்று நாற்பது வருஷம் நினைத்தவள் பாப்பா நான், அன்றைக்கு அந்த நாற்காலியில், பெயர் இருந்துவிட்டுப் போகட்டும், கை இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தேன். உனக்கு உடனே சொல்லியிருக்கலாம், நீ விமானம் ஏறிவிடுவாய் என்று சொல்லவில்லை, அதற்கு நீ என்னைத் திட்டிக்கொள்.

மருந்து கேட்டது. இரண்டு நாள் ஐந்து நாளாகி வீட்டுக்கு வந்தோம், அதன்பின் ஒன்றரை மாதம் தினமும் நான் கட்டுப் பிரித்துக் கட்டினேன். கட்டு மாற்றுகிற நேரத்தில் மனிதர் எங்கேயும் எழுந்து போக முடியாது இல்லையா, ஒரு நாள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன், "இப்பவாவது சொல்லுங்க, யாரு இவ?" என்று. ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பத்தொன்பது வயதில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகியபோது எதிரே ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். இரண்டு பெண்கள் சேர்ந்து வருவார்களாம், அதில் உயரமான பெண்ணை இவருக்குப் பிடித்துவிட்டது. பேசினீர்களா என்றேன், இல்லை. சிரித்தீர்களா என்றேன், அதுவும் இல்லை, அவள் இந்தப் பக்கம் திரும்பியதே கிடையாதாம். டைப்ரைட்டிங் மாஸ்டர் ஒரு நாள் வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டுவிட்டு, பொருட்காட்சிக்குப் போன இடத்தில் நண்பர்கள் உசுப்பேற்றி விட, குத்திக்கொண்டு வந்துவிட்டார். "அப்புறந்தான் தெரிஞ்சுது" என்று இழுத்தார். என்ன தெரிந்தது என்றேன். "அது கூட வந்த குள்ளப் பொண்ணோட பேராம்."

பாப்பா, நான் சிரித்த சிரிப்பில் பஞ்சு ஒரு பக்கம், கத்தரிக்கோல் ஒரு பக்கம் போயிற்று. எந்தப் பெண்ணை இவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லையோ அவள்மேல் நாற்பது வருஷமாகப் பொறாமைப்பட்டிருக்கிறேன். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது, அது எதனால் என்று நான் ஆராயவில்லை. இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் சொன்னார், "எப்படிச் சொல்றது? நீ கோபமா இந்தக் கையைப் பார்க்கிறப்பல்லாம் எனக்கும் ஏதோ ஒரு கதை இருக்கிற மாதிரி இருந்துச்சு. சொல்லியிருந்தா அதுவும் போயிருக்கும்." நான் கட்டைக் கட்டி முடித்தேன். கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டேன் போலிருக்கிறது.

அந்த லேசர் பெண் வந்து வாசலில் நின்று அழுதாள். முதலாளி இரண்டு நாள் சொல்லிக் கொடுத்து மெஷினை அவள் கையில் விட்டிருக்கிறார், பாவம். நான் நறுக்கென்று கேட்க நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தேன், அதற்குள் அப்பா, "விடும்மா, பிரேக்குன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிக்காதவங்க யாரு" என்று சொல்லி அவளுக்குக் காபி போடச் சொன்னார், என்னை. இப்போது அவள் மெஷின் பக்கம் போவதில்லை, லைசென்ஸ் மட்டும் வாங்கிவிட்டாள்.

புண் ஆறியபின் பாதி எழுத்து அப்படியே இருந்தது. டாக்டரம்மா சரியான லேசரை வைத்து, எங்கள் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, ஆறு வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவை அடித்தார். ரப்பர் பேண்டைச் சுண்டின மாதிரிதான் இருந்தது என்கிறார். மை சுத்தமாகப் போய்விட்டது. ஆனால் முதலில் பட்ட சூட்டில் தோலின் நிறமும் கூடவே போயிருக்கிறது, நாலு எழுத்தும் வெள்ளை வெளேரென்று நிற்கின்றன. பச்சையாக இருந்தவரை பக்கத்தில் உட்கார்ந்தவர்தான் படிக்க முடியும், இப்போது எதிர்ச்சாரியிலிருந்தே படிக்கலாம். டயர் மாற்றச் சட்டையை மடித்தபோது புதிதாகச் சேர்ந்தவர் ஒருவர், "சார், ரேடியம் ஸ்டிக்கரா?" என்று கேட்டாராம். கட்டு இருந்தபோது உன் போனுக்கு மட்டும் போட்டுக்கொண்ட முழுக்கை, அன்றிலிருந்து வீட்டிலும் எந்நேரமும். எனக்கு வேறு கஷ்டம், சண்டையில் இப்போது கையைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது, போன வாரம் டிவி ரிமோட் விஷயத்தில் முதன்முதலாகத் தோற்றேன்.

நீ கன்னத்துக் கரும்புள்ளிகளுக்கு லேசர் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாய். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், உன் முகம், உன் இஷ்டம், எனக்கு அந்தப் புள்ளிகளோடேயே நீ அழகுதான். ஆனால் அடிக்கப் போகிறவர் டாக்டர்தானா, நம் நிறத் தோலுக்கு அடித்துப் பழக்கம் உண்டா என்று வாய்விட்டுக் கேள், கூச்சப்படாதே. காதோரம் சின்னதாகச் சோதித்துப் பார்க்காமல் முகத்தைக் கொடுக்காதே. முடிந்தபின் வெயிலில் அலையாதே. முக்கியமாக மாப்பிள்ளைக்குப் பரிசு என்று எதையும் ரகசியமாகச் செய்யாதே, இந்தக் குடும்பத்துக்கு ஒன்று போதும்.

நிறம் திரும்ப டாக்டரம்மா ஒரு களிம்பு தந்திருக்கிறார். ஆறு மாதம் ஆகும், முழுசாக வரும் என்று சொல்ல முடியாது என்றார். வெள்ளையாக இருக்கிற இடத்தில் மட்டும் போட வேண்டுமாம், கோட்டைத் தாண்டினால் பக்கத்துத் தோல் கறுத்து எழுத்து இன்னும் எடுப்பாகத் தெரியுமாம். அப்பாவுக்கு இடது கை நடுங்குகிறது. அதனால் காது குடையும் பஞ்சுக் குச்சியை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுழி சுழியாக, கொம்பு கொம்பாக, தினமும் இரண்டு வேளை அந்தப் பெயரை நானே அவர் கையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒரு சுழியை விட்டுவிட்டேன், அவர்தான் காட்டிக் கொடுத்தார். கார் சத்தம் கேட்கிறது, சட்டையை மடித்துக்கொண்டே வருவார், நான் எழுந்து போக வேண்டும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும், நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை போனில் இதைப் பற்றி மூச்சு விடாதே, சட்டை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்.

என்றும் உன் நினைவாக,
அம்மா