பத்தேகால் மணித் தாள்கள்

வாய்க்குள் ரப்பர் ருசி.

போன செவ்வாய்க்கிழமை, ஜொகூர் பாருவில் ஒரு பல் மருத்துவரின் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அவர் பெட்டியிலிருந்து இரண்டு கையுறைகளை உருவி மாட்டிக்கொண்டு என் கடைவாய்ப் பல்லைத் தொட்டார். அந்த ருசி நாக்கில் பட்டதும் நீ வந்துவிட்டாய். வாய் திறந்திருந்ததால் பேச முடியவில்லை. முடிந்திருந்தால் அந்தப் பெட்டியில் என்ன லாட் எண் என்று கேட்டிருப்பேன். நீ கேட்டிருப்பாய். கேட்கக்கூட மாட்டாய், எட்டிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிடுவாய்.

உன் அம்மாவின் காலில் இருந்த சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட அரசாங்கக் கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான் செய்வாய். தாதி திரும்பியதும் உன் கை பெட்டிக்குப் போகும். ஒரு முறை நானும் கூட இருந்தேன். தாதி பார்த்துவிட்டு, திருடுகிறாயோ என்பதுபோல் முறைத்தாள். "இல்ல மிஸ்ஸி, சொந்தக்காரங்களான்னு பாத்தேன்" என்றாய். அவளுக்குப் புரியவில்லை. எனக்கு அன்று பாதி புரிந்தது.

பண்டார் தெங்காராவில் உன் வீடு எங்கள் வீட்டுக்குப் பின்வரிசை. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. பள்ளி முடிந்ததும் நான் கோலாலம்பூருக்குப் படிக்கப் போனேன். நீ மருத்துவக் கையுறை செய்யும் தொழிற்சாலைக்குப் போனாய். விடுமுறையில் வந்தால், செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகும் அந்தச் சாலையோரத்தில் நின்று பேசிக்கொண்டிருப்போம். உன் சட்டையில் அம்மோனியா வாடை இருக்கும்.

"உனக்கு அங்க என்ன வேலை?"

"தண்ணி ஊத்துறேன்."

உண்மையாகவே அதுதான் வேலை. ஒவ்வொரு லாட்டிலிருந்தும், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியிலிருந்தும், குறிப்பிட்ட அளவு கையுறைகளை எடுத்து, குழாயில் மாட்டி, ஒரு லிட்டர் தண்ணீர் விட்டுத் தொங்கவிட வேண்டும். இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் விரலிடுக்கில் ஒரு துளி கட்டும். ஒழுகுபவை அளவுக்கு மேல் போனால் அந்த லாட் முழுவதும் வெளியே போகக் கூடாது. தாளில் லாட் எண், மணி, முடிவு, கையெழுத்து. கையெழுத்து உன்னுடையது. அதை நம்பித்தான் எங்கோ ஒரு மருத்துவர் யாருடைய ரத்தத்திலோ கை வைக்கிறார்.

"கண்ணு சிமிட்டாம பாக்கணும்டி," என்பாய். "துளி வந்தா சத்தம் போட்டுட்டா வரும்?"

சில லாட்டுகள் தேறவில்லை. அப்போது என்ன நடக்கும் என்று நீ என்னிடம் சொன்னது வெகுநாள் கழித்து. மேற்பார்வையாளர் வந்து நிற்பார். ஒழுகியவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு கையுறைகளை எடுக்கச் சொல்வார். தேறும்வரை எடுப்பது. தேறியதும் தாளில் எழுதுவது. அவர் கத்துவார், நீ எழுதுவாய். அப்படியே போயிற்று.

பிறகு ஒரு நாள் முடியாது என்றாய். மறுநாள் வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

ஏன் அன்றைக்கு மட்டும் என்று கேட்டேன். பெரிய பதிலை எதிர்பார்த்தேன்.

"எப்பவும் கத்துவாரு. கத்துனா எனக்கு கை நடுங்கும், போட்டுக் குடுத்துருவேன். அன்னிக்குன்னு பாத்து, 'பிளீஸ்லா தங்கச்சி, ஒரே ஒரு தடவ'ன்னாரு. கெஞ்சி கேக்குறவர்கிட்ட முடியாதுன்னு சொல்லலாம்லன்னு தோணுச்சு. சொல்லிட்டேன்."

எதிர்ப்பு பற்றிப் பல்கலைக்கழகத்தில் நான் நிறைய எழுதியிருக்கிறேன். அவை எதிலும் இந்தக் காரணம் இல்லை.

நீ தொழில் நீதிமன்றத்துக்குப் போனாய். கேட்டது ஒன்றுதான்: வேலையைத் திரும்பக் கொடுங்கள். அந்த வேலை உனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத் தெரியும். ஃபேக்டரி பஸ் உன் வீட்டு முனையில் நிற்கும். மூன்று மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து அம்மாவைக் கட்டுப் போடக் கூட்டிப்போக முடியும். அந்த வேலை போனால் அடுத்தது பாலம் தாண்டி சிங்கப்பூர். விடியுமுன் கிளம்பி, இருட்டிய பின் திரும்புவது. அம்மாவை யார் பார்ப்பது?

உன் வழக்கறிஞர் நல்லவர். விசாரணை எதுவும் இல்லாமல் ஆத்திரத்தில் நிறுத்திவிட்டார்கள், அதுவே நமக்குப் பலம் என்றார். நீ மறுத்த அந்தக் கடைசி லாட்டைப் பற்றி மட்டும் பேசு. பழைய தாள்களைப் பற்றி நீயாக எதுவும் ஆரம்பிக்காதே. பொய்க் கையெழுத்துப் போட்டவள் என்று நீயே ஒப்புக்கொண்டால் வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

அதற்கு மேல் பேசியது நான். சாட்சி சொல்லும் நாளுக்கு முந்தின மதியம், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஒரு மாமாக் கடையில், தமிழ் முஸ்லிம் உணவகத்தில், உட்கார்ந்திருந்தோம். பாலில்லாத உன் ஐஸ் தேநீர், தே ஓ ஐஸ், தண்ணீராகிக்கொண்டிருந்தது.

"சொல்லாம இருக்கறது வேற, பொய் சொல்றது வேற," என்றேன்.

"ம்ம்."

"உன்னைக் கேக்காத கேள்விக்கு நீ பதில் சொல்ல வேண்டியதில்ல. அந்த கம்பெனிதான் தப்பு பண்ணது. நீ இல்ல."

"இதெல்லாம் யுனிவர்சிட்டில சொல்லித் தராங்களா?"

"வெளையாடாத. அம்மாவ நெனச்சுப் பாரு."

"நெனச்சுட்டுதாண்டி இருக்கேன்," என்றாய். பிறகு என் தட்டிலிருந்து மீதி ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டாய். பேச்சு முடிந்தது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள். சின்ன அறை. குளிர் அதிகம். நான் பின்வரிசையில் இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் நடுவயதுக்காரர். ஒவ்வொரு கேள்வியையும் களைத்த குரலில் தமிழுக்கு மாற்றினார். நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒரு கட்டுத் தாளை உன் முன்னால் வைத்தார்.

"இதெல்லாம் உங்க கையெழுத்துதானான்னு கேக்குறாரு."

"ஆமாங்க."

"எல்லாத்துலயும் பாஸ்னு போட்டிருக்கீங்க. மறுபடி சோதனை பண்ற பழக்கமே அங்க கிடையாது. சரிதானான்னு கேக்குறாரு."

கேட்கப்பட்டுவிட்டது. நான் முந்தின நாள் சொல்லிக் கொடுத்த வித்தியாசம் எதுவும் இனி உதவாது. ஆனாலும், தெரியாது, ஞாபகமில்லை என்று சொல்ல வழி இருந்தது. உன் வழக்கறிஞர் பேனாவை மூடினார். நான் பின்னாலிருந்து தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. நீ பார்த்தாய்.

"கொஞ்சம் இருங்க, பாத்துக்கறேன்," என்று கட்டை இழுத்துக்கொண்டாய். ஒவ்வொரு தாளாகப் புரட்டினாய். அவசரமில்லை. சிலவற்றை உருவித் தனியாக வைத்தாய். அறையில் தாள் சத்தம் மட்டும். வேலை செய்யும்போது நீ எப்படி இருப்பாய் என்று அன்றுதான் பார்த்தேன். கண் சிமிட்டவில்லை.

"இந்தப் பதினொண்ணும் பொய்ங்க. நாந்தான் போட்டேன்."

மொழிபெயர்ப்பாளர் உடனே மாற்றவில்லை. உன் பக்கம் குனிந்தார். "என்னம்மா, அப்படியேவா சொல்றது?"

"அப்படியே சொல்லுங்கண்ணே."

சொன்னார். நீதிமன்றத் தலைவர் முதல்முறையாக எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். இவ்வளவு நாள் கழித்து எந்தத் தாள் பொய் என்று எப்படித் தெரியும் என்று கேட்டார்.

"மணியப் பாருங்க. பத்து பத்து, பத்தேகால், பத்து இருபது. பத்துலேர்ந்து பத்தரை வரைக்கும் எங்களுக்கு டீ டைமு. எல்லாரும் கேன்டீனுக்குப் போயிருவாங்க. அந்த நேரத்துல யாரும் டெஸ்ட் பண்ண மாட்டாங்க. யாரும் இல்லாதப்பதான் ஒழுகுனத தூக்கிப் போட்டுட்டு வேற எடுப்போம்."

நிறுவனத்தின் வழக்கறிஞர் எழுந்தார். அவருக்கு இது நல்ல செய்தி. "அப்ப நீங்க பொய்க் கையெழுத்து போடுறவங்க."

"ஆமாங்க. பதினோரு தடவ."

"அப்படிப்பட்டவங்க இன்னிக்கு சொல்றத எப்படி நம்புறது?"

"என்னைய நம்ப வேணாங்க. கேன்டீன் வாசல்ல கார்டு தட்டுற மிஷின் இருக்கு. இந்தப் பதினோரு நாளும் என் கார்டு டீக்குத் தட்டியிருக்கான்னு பாருங்க. அது உங்ககிட்டதானே இருக்கு."

விசாரணை முடிந்து தெருவுக்கு வந்தோம். உன் மேல் கோபமாக இருந்தது. என் தலையாட்டலை நீ மதிக்கவில்லை என்பதும் அதில் சேர்த்தி.

"பொய் எழுதுன. மணிய மட்டும் ஏன் சரியா எழுதுன? அதையும் மாத்தியிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே."

நீ யோசித்தாய். உனக்கே அப்போதுதான் அது கேள்வியாகத் தோன்றியது போலிருந்தது.

"மாத்தணும்னு தோணவே இல்லடி. மணி பத்தேகால்தானே."

தீர்ப்பு வர மாதங்களாயின. உன்னை நிறுத்திய விதம் தவறு என்றது. ஆனால் தானே ஒப்புக்கொண்டபடி பொய்யான சோதனைத் தாள்களில் கையெழுத்திட்டவரை அதே பணியில் மீண்டும் அமர்த்த இயலாது என்றது. வென்றாய், வேலை இல்லை. கார்டு பதிவுகள் நீ சொன்னதைத்தான் சொல்லின. அதன் பிறகு அதிகாரிகள் தொழிற்சாலைக்கு வந்தார்கள். அந்தப் பதினோரு லாட்டுகளையும் மருத்துவமனைகளிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. எவ்வளவு மிச்சமிருந்தது, எவ்வளவு யார் யார் கைகளில் போய்க் குப்பைக்கும் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. நீ அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாய். வழக்கறிஞரை அழைத்து, மறுபடி அழைத்து. ஜெயித்தவர்கள் பொதுவாக அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

வேறு சில பெண்கள், வேறு மேசைகளில் இருந்தவர்கள், உனக்குப் பிறகு பேசினார்கள். அவர்கள் வழக்கு இன்னும் நடக்கிறது. உன் வழக்கறிஞர் சொன்னார்: முதல் கேள்விக்கே அவர்கள் தங்கள் பொய்களை எண்ணிச் சொல்லிவிடுகிறார்களாம். அப்படித்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீ பாலம் தாண்டிப் போனாய். ஒரு கிடங்கில் பொருள் அடுக்கும் வேலை. அம்மாவைக் கட்டுப் போட அழைத்துப் போவது பக்கத்து வீட்டு அக்காவின் பொறுப்பாயிற்று. ஒரு நாள், இரண்டு நாள் தவறியது. அம்மாவின் இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டி வந்தது. நீ என்னிடம் அதைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினாய். "அதையும் கணக்குல எடுத்துட்டுதான் சொன்னேன்," என்றாய்.

பிறகு உனக்கு டிங்கிக் காய்ச்சல். ஐந்து நாள். மூன்றாம் நாள் உன்னைப் பார்க்க வந்தபோது, ரத்தம் எடுக்க வந்த தாதியிடம் கையுறைப் பெட்டியைத் திருப்பிக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தாய். பார்த்துவிட்டு, "எங்க ஊரு இல்ல. பயப்படாமப் போடுங்க," என்றாய். அவள் சிரித்தாள், நீயும் சிரித்தாய். நான் உன்னைச் சிரிக்கப் பார்த்தது அதுதான் கடைசி.

பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் வீட்டில் கூட்டம். என் கையைப் பிடித்துக்கொண்டு பலபேர் சொன்னார்கள்: படிச்ச பிள்ள நீ கூட இருந்த தைரியத்துலதான் அவ அப்படிப் பேசுனா. நான் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே விட்டு வைத்திருந்தேன். பல் மருத்துவரின் நாற்காலியிலிருந்து எழுந்தபோது இனி முடியாது என்று தெரிந்தது. சனிக்கிழமை பண்டார் தெங்காராவுக்குப் போனேன். உன் அம்மா சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஆண்ட்டி, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"அவ கோர்ட்டுல பேசுனதுக்கு நா தைரியம் குடுத்தேன்னு எல்லாரும் சொல்றாங்க. நா குடுக்கல. சொல்லாதன்னு சொன்னேன். அங்க உக்காந்துகூட தலைய ஆட்டுனேன்."

கத்தி நிற்கவில்லை. "தெரியும்லா. முதநாளே வந்து சொன்னா. மாமாக் கடையில ரொம்ப நேரம் பாடம் நடத்துனியாமே."

"கோவமா சொன்னாளா?"

"எதுக்குக் கோவம்? 'அவ சொல்றதும் சரிதாம்மா. ஆனா அவ அந்த ஓட்டைய பாக்கலல்ல'ன்னா." நறுக்கியதைச் சட்டியில் தள்ளினார். "சாப்ட்டுட்டுப் போ. ஒக்காரு."

உட்கார்ந்தேன். சாப்பிட்டேன்.

உண்மைதான். நான் பார்க்கவில்லை. இன்றுவரை ஓட்டை விழுந்த கையுறை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஓட்டைகளைப் பற்றி வாதிட மட்டும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குளிர்ந்த அறையில், நான் வேண்டாம் என்று தலையாட்டியதைப் பார்த்த பிறகும் தாள்களைப் பக்கம் இழுத்துக்கொண்ட உன் கையைப் பார்த்திருக்கிறேன். அது நடுங்கவில்லை. அதைத்தான் வைத்திருக்கிறேன்.