ஹெட்செட்டைப் பிடுங்கினால்

ஜூலை 8, செவ்வாய்
புழுக்கம். மழை வரும்போல இருந்து வரவில்லை. வீட்டுக்காரி ஷமீமா நடத்தும் ஆன்லைன் தமிழ் டியூஷன் இன்றும் பாதியில் போச்சு. குக்கர் விசிலுக்கு எழுந்தவள், பேச்சோடு பேச்சாக ஹெட்செட் வயரைப் பிடுங்கினாள். லேப்டாப் நீலத்திரை காட்டி நின்றுபோனது. "மச்சான், ஊரு சாஃப்ட்வேரெல்லாம் டெஸ்ட் பண்றீங்க. வீட்டுல ஒண்ணு செத்துக் கிடக்கு லா." ரோஷம் வந்துவிட்டது.
வாங்க வேண்டியவை: கறிவேப்பிலை, பாத்ரூம் பல்பு.

ஜூலை 10, வியாழன்
தேக்கா மார்க்கெட்டில் மலிவு ஹெட்செட் ஒன்று வாங்கினேன். பாட்டைப் போட்டுப் பிடுங்கிப் பார்த்தேன். பல தடவை ஒன்றும் ஆகாது. திடீரென்று நீலம். ஏன் சில தடவை மட்டும்?
பல்பு மறந்தாச்சு.

ஜூலை 12, சனி
பிடிபட்டது! வயரைப் பிடுங்கியதும், ஒலியைக் கவனிக்கும் ஆடியோ டிரைவர் நிரல் அதற்கு ஒதுக்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. பாட்டை அனுப்பும் பகுதிக்கு அது தெரியாது. தன்பாட்டுக்கு அங்கேயே எழுதுகிறது. காலி செய்த வீட்டுக்குப் பழைய சாவியோடு வந்து போகிற மாதிரி. விஷமக்காரன் எவனாவது அந்த இடத்தைப் பிடித்தால் மொத்த லேப்டாப்பும் அவன் கையில்.
அந்த டிரைவரைச் செய்த கம்பெனிக்கு எழுதிவிட்டேன். சரிசெய்யும் வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. முதலில் சொன்னவர் பெயரைப் போடுவார்களாம். என் பெயர் வர வேண்டும். ரொம்ப ஆசை.

ஜூலை 15, செவ்வாய்
"என்னதான் கண்டுபிடிச்சீங்க?"
"சொல்லக்கூடாது. வயரைப் பிடுங்காதே, அவ்வளவுதான்."
"எனக்கேவா?"
இரவு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. எனக்கு மட்டும் தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பால் இல்லை.

ஜூலை 24, வியாழன்
பதில். வேறொருவர் முன்பே சொல்லிவிட்டாராம். நன்றியாம். வயிறு எரிகிறது. புக்கிட் மேரா வரை பஸ்ஸில் அந்தப் பதிலையே திரும்பத் திரும்பப் படித்தேன்.
ஷமீமா: "அவங்க வீட்டுலயும் டியூஷன் நடக்குது போல."

ஆகஸ்ட் 13, புதன்
மழை. அப்டேட் வந்தது. பாட்டைப் போட்டு, கை வலிக்கப் பிடுங்கினேன். லேப்டாப் அசரவில்லை. ஓட்டையை நன்றாகவே அடைத்திருக்கிறார்கள். இனி ரகசியம் இல்லை, ஷமீமாவிடம் எல்லாம் சொன்னேன்.
"பாட்டுப் போட்டுத்தானே இழுக்கிறீங்க? நான் பேசிட்டிருக்கும்போதுல்ல இழுத்தேன்."
மறுபடி ஹெட்செட்டைச் செருகினேன். அவர்கள் அடைத்தது கேட்கிற பக்கம். மைக் பக்கம்?
"பேசு."
"சரி பிள்ளைங்களா, எல்லாரும் புத்தகத்தை எடுங்க..."
பிடுங்கினேன். நீலம்!
ஷமீமா தன் தங்கச்சிக்குச் சொல்ல போனை எடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன். இனி அவளும் மூச்சு விடக்கூடாது.
உடனே எழுதி அனுப்பினோம். இரண்டு பெயர். அவளுடையது முதலில்.