விட்ட இடத்திலேயே

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அப்பா மாத்திரையை வாயில்தானே போடுகிறார், பழையபடி சட்டைப் பையில் இல்லையே?

போன வாரம் ஆபீசில் சின்னக் கூத்து. கட்டளையை டைப் அடித்தால் கம்ப்யூட்டரை அதன்படி செய்யவைக்கும் கறுப்புத் திரை ஒன்று எங்கள் தயாரிப்பு. கம்ப்யூட்டரில் சி டிரைவ், டி டிரைவ் என்று இரண்டு வீடுகள் இருப்பதாக வைத்துக்கொள். சி-யில் ஏதோ ஓர் அறையில் இருந்துவிட்டு டி-க்குப் போய்த் திரும்பினால், விட்ட அறையிலேயே அது நம்மைக் கொண்டுவிட வேண்டும். புது வெர்ஷன் எல்லோரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது. போனில் வாடிக்கையாளர் ஒருவர், "ஏம்மா, வீட்டு ஆளையே வெளிய நிக்க வைப்பீங்களா?" என்று பிடித்துக்கொண்டார்.

தேடிப் பார்த்தால், பக்கத்து சீட்டுக்காரர் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று விட்ட அறையை நினைவில் வைத்திருக்கும் பழைய புரோகிராம் வரி ஒன்றை எடுத்திருக்கிறார். "யாரும் தொடவே இல்லையே, சும்மா இடத்த அடைச்சிட்டு இருக்குன்னு நெனச்சேன்" என்று தலையைச் சொறிந்தார். அந்த வரியை மறுபடி வைத்தேன். எல்லாம் சரியாகிவிட்டது. திட்டெல்லாம் அவருக்குத்தான், நீ கவலைப்படாதே.

என் பழைய போர்வையை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

என் அறையில் தையல் மெஷின் போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு. ஆனால் என் கட்டிலைப் பரணில் ஏற்றாதே அம்மா. அது சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கவில்லை.

பஸ் வந்துவிட்டது.

உன் வாலு