துவைகல்லோரம் நின்று சாப்பிட்டவளுக்கு

என் மூத்தவளே, விசாலம் அக்கா,

நான் சிவகாமி. மஞ்சள்காமாலை உன்னைக் கொண்டுபோன பத்தாம் மாதம் இந்த மட்டாஞ்சேரி வீட்டுக்குள் வலதுகாலை எடுத்துவைத்தவள். நாம் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் ஒரே அடுப்பு, ஒரே அம்மி, ஒரே மனுஷர், இரண்டு பெண்பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் பங்குபோட்டுக்கொண்டவர்கள். பன்னிரண்டு வருஷமாகக் கூடத்துப் படத்துக்கு முன்னால் நின்று மனசுக்குள் உன்னோடு பேசிவருகிறேன். சில நாள் சண்டைகூடப் போட்டிருக்கிறேன். காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. போன வாரம் உன்னைப் பற்றி ஒரு பொய் சொல்லிவிட்டேன், அதனால்தான்.

நாளைக்கு உன் திவசம். போன வாரம் சின்னவள் உமா சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தாள். பதினான்கு வயசாகிறது, இப்போது என்னைவிட உயரம். நான் சேனைக்கிழங்கு, பூசணிக்காய் என்று சொல்லச்சொல்ல மலையாளத்தில் மளமளவென்று எழுதிக்கொண்டு போனவள், சட்டென்று பேனாவை நிறுத்தினாள்.

"அம்மா, படத்துல இருக்கிற அம்மாக்கு என்ன இஷ்டம்? அவங்க எப்படிப்பட்டவங்க? எனக்கு ஒண்ணுமே ஓர்மை இல்லையே."

இத்தனை வருஷத்தில் அவள் கேட்டதே இல்லை. "எனக்கு என்னடி தெரியும்? நான் அவங்களைக் கண்டதே இல்லையே" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் ஒன்றுமே இல்லாத அடுக்களைக்குள் போய் நின்றுகொண்டேன்.

கண்டதில்லை என்பது என்னவோ நிஜம்தான். தெரியாது என்பது சுத்தப் பொய். உனக்கு என்ன பிடிக்கும் என்று இந்த வீட்டில் தெரிந்தவர்கள் இரண்டே பேர், பெரியவள் கோமதியும் நானும். எனக்கு அது தெரியவந்த கதையை உன்னிடமே சொல்கிறேன், கேள்.

நான் வந்த புதிதில் கோமதிக்கு ஆறு வயசு. அழமாட்டாள், அடம்பிடிக்கமாட்டாள், கூப்பிட்டால் வருவாள். சோற்றை மட்டும் வாயில் அடக்கிவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பாள். நானோ தென்காசிக்காரி, வெள்ளைச் சோறு வடித்துப் பழகியவள். இந்த ஊர்ச் சிவப்பரிசியின் வேக்காடு எனக்குப் பிடிபடவே இல்லை. முதல் வாரம் முழுக்க அரைவேக்காட்டுச் சோறுதான். நம் வீட்டுக்காரர் அதையும் மென்று விழுங்கினார். சொதி வைத்துப் பார்த்தேன், பருப்புத் துவையல் அரைத்துப் பார்த்தேன், பயறு போட்டுக் கஞ்சி காய்ச்சிப் பார்த்தேன். உமா மடியில் உட்கார்ந்து எதைக் கொடுத்தாலும் தின்பாள். இரண்டு வயசுப் பிள்ளைக்கு வயிறு நிறைந்தால் போதும். பெரியவள் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடக்கூட இல்லை. அம்மா என்றும் இல்லை, சித்தி என்றும் இல்லை. தண்ணீர் வேண்டுமானால் சொம்புக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள்.

உன்மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. போயும் போகாமல் அந்தப் பிள்ளையின் வாய்க்குள் உட்கார்ந்திருக்கிறாளே என்று உன்னை வைதிருக்கிறேன். மன்னித்துக்கொள், எனக்கும் அப்போது இருபத்திரண்டு வயசுதான்.

இரண்டாம் மாதம் உன் முதல் திவசம் வந்தது. பள்ளுருத்தியிலிருந்து நம் நாத்தனார் முந்தின நாளே வந்து இறங்கினாள். அவளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கறி இத்தனை, பாயசம், வடை, சுமங்கலியாகப் போனவளுக்கு இலைமுன் வைக்கப் புதுச்சேலை என்று வரிசையாய் உத்தரவு போட்டுவிட்டு, "அவளுக்குப் பிரியமானது ஏதாவது ஒண்ணு கண்டிப்பா வைக்கணும், கேட்டியா" என்றாள்.

"என்ன பிரியம், மதினி?"

"டேய் தம்பி, விசாலத்துக்கு என்னடா பிரியம்?"

நம் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார், உத்தரத்தைப் பார்த்தார். ஏழு வருஷம் உன்னோடு குடும்பம் நடத்திய மனுஷர் கடைசியில் சொன்னார்: "அவ எல்லாம் சாப்பிடுவா."

"அவியல்னா உசுரை விடுவா. எனக்குத் தெரியும்" என்று நாத்தனாரே முடித்துவைத்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து "இல்ல" என்று ஒரு சத்தம் வந்தது. எட்டிப்பார்த்தால் கோமதி நிற்கிறாள்.

மறுநாள் காலை அவளுக்குத் தலைவாரிவிடும்போது மெதுவாகக் கேட்டேன். "அம்மாக்கு வேற என்ன பிடிக்கும்? எனக்குச் சொல்லேன்."

"சொல்லக்கூடாது. அம்மா சத்தியம் வாங்கியாச்சு. அப்பாகிட்ட, அத்தைகிட்ட, ஆருகிட்டயும்."

சரி, விட்டுவிடுவோம் என்று பின்னலை முடித்து ரிப்பன் கட்டினேன். அவள் எழுந்துபோகவில்லை. ரிப்பன் நுனியைத் திருகிக்கொண்டே, "சொல்லத்தானே கூடாது. காட்டினா?" என்றாள்.

முதல்முறையாக என் கையைப் பிடித்தாள். கொல்லைப்புறம் கூட்டிப்போனாள். துவைக்கிற கல்லுக்கும் மதிலுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற இடம் இருக்கிறதே, அங்கே போய் நின்றாள். பாவாடையைத் தூக்கி இடுப்பில் சொருகினாள். எக்கி, மதிலுக்கு மேலிருந்து இல்லாத ஒரு தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கல்மேல் வைத்தாள். அடுக்களை வாசலை ஒருதரம் பார்த்தாள், சந்துப்பக்கம் ஒருதரம் பார்த்தாள். பிறகு, அக்கா, சாப்பிட ஆரம்பித்தாள். அவசர அவசரமாய், கண்ணை மூடி, ஒவ்வொரு வாய்க்கும் தலையை லேசாக ஆட்டிக்கொண்டு. காரம் தலைக்கேறி உஸ் உஸ் என்றாள். நடுவில் நிறுத்தி, வாசலில் காவல் நிற்கும் யாரையோ கையசைத்துக் கூப்பிட்டு ஒரு வாய் ஊட்டினாள். அந்த யாரோ இவள்தான் என்று புரிந்தது. கடைசியில் புறங்கையை நக்கிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு ஆறு வயசுப் பிள்ளையுடையது இல்லை. கூடத்துப் படத்தில் நீ உம்மென்று இருப்பாய், ஸ்டுடியோக்காரன் அசையாதே என்று மிரட்டியிருப்பான். நான் உன்னைப் பார்த்தது அந்தக் கல்லோரத்தில்தான். உன்மேல் இருந்த எரிச்சல் முக்கால்வாசி அன்றோடு போயிற்று.

மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ரோசிச் சேச்சி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டதும் சாம்பல் கையோடு முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்றெ மோளே, அது பாவம், உமா வயித்துல இருக்கிறப்ப தொடங்கினதாக்கும். எங்க வீட்டு மீன்கறி வாசனைக்கு மதில்கிட்ட வந்து நிக்கும். கப்பையும் மத்திக் கறிச் சாறும். மீன் கஷணம் கொடுத்தா எடுக்காது. சாறு மதி, அது போதும் சேச்சி, சாறு மட்டும்னா அது சைவம்தான்னு சொல்லும்." சொல்லிவிட்டு அழுகையும் சிரிப்புமாய் மூக்கைச் சிந்தினாள்.

சாறு மட்டும் குடித்தால் சைவமா, அக்கா? இந்த நியாயத்தை உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? முட்டை என்ற வார்த்தையைக்கூட வாய்விட்டுச் சொல்லாத வீட்டில், பூஜை அலமாரிக்குப் பத்தடி தள்ளி நின்று மத்திச் சாறு குடிக்க உனக்கு எவ்வளவு தைரியம் இருந்திருக்கிறது!

அன்று, எங்கள் ஊரில் மரவள்ளி என்போமே, அந்தக் கப்பைக்கிழங்கை வேகவைத்து இலையில் வைத்தேன். "திவசத்துக்குக் கப்பையா? இது ஆரு வீட்டு வழக்கம்?" என்று நாத்தனார் முகத்தைத் தூக்கினாள். "எங்க தென்காசிப் பக்கம் வைப்போம், மதினி" என்று கூசாமல் சொன்னேன். கற்பூரம் காட்டி, மதில்மேல் காக்காய்க்குச் சோறு வைத்தோம். ஒரு காக்காயும் எட்டிப்பார்க்கவில்லை. மட்டாஞ்சேரிக் காக்காய்கள் படகுத்துறையில் மீனாய்த் தின்று கொழுத்தவை, நம் வீட்டு அவியலை மதிக்குமா? வெயில் ஏறியது. உமா பசியில் வீறிட்டாள். காக்காய் எடுக்காமல் யாரும் இலையில் உட்காரக்கூடாது என்று நாத்தனார் ஒரே பிடியாய் நின்றாள். "விசாலத்துக்கு ஏதோ குறை இருக்கு" என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னதும் நம் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போயிற்று.

கோமதி என் சேலையை இழுத்தாள். "சாறு" என்று உதடு மட்டும் அசைந்தது.

ஓடிப்போய் ரோசிச் சேச்சியிடம் ஒரு சிரட்டையில் மீன்சாறு வாங்கினேன். கல்மேல் வைத்துவிட்டு நகர்வதற்குள் ஏழெட்டுக் காக்காய் இறங்கிவிட்டன. சாற்றில் அலகை முக்கிவிட்டு அப்படியே மதிலுக்குத் தாவிச் சோற்றையும் கொத்தின. மீன் வாசனைக்கு வந்த காக்காய்தான், எனக்குத் தெரியாதா? ஆனாலும் அன்றைக்கு நீதான் வந்தாய் என்று இன்றுவரை நம்புகிறேன். உள்ளே நாத்தனார், "நான் சொல்லலை? அவியலுக்குத்தான் வந்திருக்கா" என்று கண்ணைத் துடைத்தாள். கோமதிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. என் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அன்று சோறு கேட்டு வாங்கினாள். "சித்தி, இன்னும்" என்றாள்.

சித்திதான். இன்றுவரை சித்திதான். அம்மா என்ற பெயர் உன்னுடையது என்று அவள் தீர்மானித்துவிட்டாள், நானும் அதில் கைவைக்கவில்லை. அதற்குப் பிறகு வருஷாவருஷம் கூடத்தில் ஊருக்கு ஓர் இலை, கொல்லையில் உனக்கு ஒரு சிரட்டை. நம் வீட்டுக்காரருக்கு இன்னும் தெரியாது.

மூன்றாம் வருஷம் என் வயிற்றில் ஒன்று தங்கி, ஐந்தாம் மாதம் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள் நான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஒரு மத்தியானம் கோமதி என்னை எழுப்பிக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். கல்மேல் கப்பையும் சாறும் ஆவிபறக்க இருந்தது. "அம்மா இதைத் தின்னா அழமாட்டா" என்றாள். நான் தின்றேன், அக்கா. காரமும் குடம்புளியின் புளிப்பும் சேர்ந்து கண்ணும் மூக்கும் ஒழுக, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றேன். அந்த ஒன்பது வயசுப் பிள்ளை, உனக்கு நின்ற அதே வாசலில் எனக்குக் காவல் நின்றது. அதைவிட ஒரு பிள்ளை எனக்கு என்ன செய்ய வேண்டும்?

இனி எனக்கென்று குழந்தை இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அங்கேதான் நான் தப்புப் பண்ணினேன். கோமதி உன்னுடையவள், சரி. உமாவுக்கோ உன்னைத் தெரியாது. நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் அம்மா என்று கூப்பிடுவது என்னைத்தான். அவளையாவது முழுசாக வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டேன். கல்லோரத்து விஷயம் உமாவுக்குத் தெரியவேண்டாம் என்று கோமதியிடம் சத்தியம் கேட்டேன். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கையில் அடித்துக்கொடுத்தாள். திவசத்தன்று உமாவைப் பூப்பறிக்க அனுப்பிவிட்டுத்தான் சிரட்டையை வைப்போம். ஒரே பிள்ளையிடம் நீ ஒரு சத்தியம் வாங்கினாய், நான் ஒரு சத்தியம் வாங்கினேன். நீ வாங்கியது நாக்கு ருசிக்கு. நான் வாங்கியது எதற்கு என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோமதிக்குத் தை மாதம் கல்யாணம் முடிந்தது, படத்துக்கு முன்னால் நின்று சொன்னேனே. ஆலுவாவில் குடித்தனம். மாப்பிள்ளைக்குக் களமசேரியில் பாக்டரி வேலை, சாது, இவள் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டார். மாமியார் வழுக்கி விழுந்து காலில் கட்டுப் போட்டிருப்பதால் நாளைக்கு வர முடியாது என்று கார்டு எழுதியிருக்கிறாள். அடியில் ஒரு வரி: "சித்தி, இந்த வருஷம் காவலுக்கு நான் இல்ல. உமாவைக் கூப்பிட்டுக்கோங்க." சத்தியத்தையும் மீறவில்லை, என்னையும் விடவில்லை. இந்தச் சாமர்த்தியம் உன்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தையே உமாவிடம் கொடுத்துவிட்டுத் தப்பித்துக்கொள்ளலாமா என்றும் பார்த்தேன். வழியில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் முடிப்பதற்குள் "அம்மா, இது என்ன எழுத்து?" என்று பத்துத் தரம் கேட்பாள். வாயால்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. உன்னை அவளுக்குப் பிடித்துப்போகும், யாருக்குத்தான் பிடிக்காது? அதற்குப் பிறகு என்னை எந்தக் கண்ணால் பார்ப்பாள்? இத்தனை வருஷம் ஏன் மறைத்தாய் என்று கேட்டால் என்ன பதில் சொல்வேன்?

ஆனால் "ஓர்மை இல்லையே" என்று சொன்னபோது அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டேன். பெற்றவளைப் பற்றிக் கையில் ஒரு துணுக்குகூட இல்லாமல் பிள்ளை ஏங்கிப்போயிருக்கிறது. மூன்று வேளையும் பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்ட எனக்கு அது தெரியாமல் போயிற்றே.

நாளைக்கு இலை போடுவதற்கு முன்னால் அவளைக் கல்லோரத்துக்கு, உன்னிடம் கூட்டிவருகிறேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்வேன். மிச்சத்தை ரோசிச் சேச்சியைச் சொல்லவைப்பேன். நான் பொய் சொன்னதையும், சத்தியம் வாங்கியதையும் நானே சொல்வேன். அழுதால் அழட்டும். கோபித்துக்கொண்டு நாலு நாள் பேசாவிட்டாலும் தட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அம்மா என்று உன் படத்தைப் பார்த்துக் கூப்பிட்டுவிட்டு, எனக்கு வேறு பெயர் வைத்தாலும் கூப்பிட்ட குரலுக்கு ஓடிவருவேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு.

மட்டாஞ்சேரியிலிருந்து உன் தங்கை,
கோமதிக்கும், நாளை முதல் உமாவுக்கும் சித்தி,
சிவகாமி