எதிர் ஜன்னலில் என் இடது பூட்ஸ்

நவம்பர் 3
மழை. எகர் நகரத்துக் கூரைகள் எல்லாம் ஒழுகுகின்றன. என் பூட்ஸ் மட்டும் அலமாரியில் மகாராஜா மாதிரி உலர்ந்து நிற்கிறது. முழங்கால் வரை கன்றுத்தோல். அதைப் பார்த்து முகச்சவரம் செய்யலாம். திராட்சை அறுவடை நடனத்தில் இதைப் போட்டுக்கொண்டுதான் எதிர்வீட்டு எடெல்காவோடு ஆடினேன். அந்த அதிர்வில் பக்கத்து நாட்டில் தட்டுகள் உடைந்ததாகக் கேள்வி. மறுநாளே அவள் தெற்கே செகெத் நகரில் இருக்கும் மகளிடம் போய்விட்டாள். "பனி விழறதுக்குள்ள வந்துடுவேன்" என்றாள். அதுவரை இந்தத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாது. சபதம்.

நவம்பர் 8
காலில் ரப்பர் ஷூ, கக்கத்தில் பூட்ஸ். கடைக்குள் போய் மாற்றிக்கொள்கிறேன். அக்கா மகள் பிரோஷ்கா வழியில் பிடித்துக்கொண்டு கக்கத்துப் பூட்ஸை எட்டிப் பார்த்தாள்.
"என்ன மாமா, பாப்பா பால் குடிச்சுதா?"
"தூங்குது. சத்தம் போடாத."

நவம்பர் 12
நேற்று மார்ட்டின் திருநாள். ஊரே வாத்து வறுத்தது. தட்டில் மிஞ்சிய கொழுப்பைப் பார்த்ததும் ஞானம் பிறந்தது: இதைப் பூட்ஸில் பூசினால் மழை உள்ளே வருமா? பூசோ பூசென்று பூசினேன். அதில் உப்பும் பூண்டும் இருந்ததை ஞானம் சொல்லவில்லை.

நவம்பர் 13
தெரு நாய்கள் அத்தனையும் என் பின்னால். பேராயருக்குக்கூட இப்படி ஒரு ஊர்வலம் வாய்த்ததில்லை.

நவம்பர் 27
முதல் பனி. அவள் வரவில்லை.

டிசம்பர் 2
பிரோஷ்கா சொன்னாள்: "எடெல்கா அத்தை வெள்ளிக்கிழமை வர்றாங்க மாமா. ஆனா, சாமான் கட்டிட்டுப் போகத்தான். இனிமே மகளோடவேயாம்."
பூட்ஸைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். யார் பார்க்க இவ்வளவு பளபளப்பு? — இன்று அளந்துவிட ஒன்றும் தோன்றவில்லை.

டிசம்பர் 5
ரயிலடிக்குப் போனேன். கணுக்கால் முழுகும் பனி. அவள் துணிச் செருப்போடு இறங்கினாள், செகெத்தில் வெயிலாம். கக்கத்திலிருந்ததை நீட்டினேன்.
"ஐயோ, இது நனையவே கூடாதே?"
"நனையட்டும். போட்டுக்க."
என் பூட்ஸ் சேற்றுப்பனியில் சளக் சளக்கென்று போயிற்று. நான் ரப்பரில் பின்னால். எனக்கும் பின்னால் நாய்கள்.
"கெல்லேர்ட், இதுல ஏன் வாத்து வாசனை வருது?"
அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டேன். காலிப் பெட்டி. சாமான் கட்டத்தான்.
இன்று ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பூட்ஸைத் துடைத்து ஜன்னலில் வைத்திருக்கும். மிக்குலாஷ் தாத்தா வந்து சமத்துகளுக்கு இனிப்பும் போக்கிரிகளுக்குக் குச்சிக்கட்டும் போடுவார். எனக்கு வைக்கப் பூட்ஸ்கூட இல்லை.

டிசம்பர் 6
காலையில் என் ஜன்னலில் வலது பூட்ஸ். உப்புக் கறை துடைத்து, உள்ளே செகெத் செய்தித்தாள் திணித்து, அதன்மேல் சிவப்பு ரிப்பன் கட்டிய குச்சிக்கட்டு.
இடது பூட்ஸ் எதிர் ஜன்னலில். அவள் கதவைத் திறந்து சொன்னாள்:
"அது இன்னும் ஈரம்."
"அடுப்புப் பக்கத்துல வெச்சா—"
"தோல் வெடிச்சுடும். மெதுவாத்தான் காயணும். மார்ச் ஆயிடும்."
"மககிட்ட என்ன சொல்வே?"
"பூட்ஸ் காயலன்னு சொல்வேன்."
இரண்டும் ஒரே பனியில் நடந்தவை. இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்பது எனக்குத் தெரியும்.
மார்ச்சுக்குள் காய்வது கஷ்டம் என்றேன்.