கதையில் இல்லாத தாய்

மாமி, உங்கள் பெரிய டேக்ச்சிப் பாத்திரத்தைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். தேய்க்கும்போது அடியில் இருக்கும் அந்த நெளிவு கையில் தட்டுப்பட்டது. புளி போட்டுத் தேய்த்தும் மீன் குழம்பு வாசம் போகவில்லை. அடுக்களையில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். இப்படிக் காலையில் சமைக்கும்போதே அழுதிருந்தால், 'அழுத கையோட உப்பு போடாத, அளவு தெரியாது' என்று விரட்டியிருப்பீர்கள்.

இன்றைய பூசையில் ஊதாரி மகன் வாசகம். உங்களுக்குப் பிடிக்காத கதை. நீங்கள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமையில் அது வந்தது இதுதான் முதல் தடவை.

கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி மின்னி பே வீட்டுக்கு வந்தபோது எனக்கு வேதம் ஒன்றும் தெரியாது. மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவள், உங்கள் மூத்த மகனுக்காக ஞானஸ்நானம் வாங்கியவள். நான் அறிந்த வேதமெல்லாம் உங்கள் அரிவாள்மணைக்கு எதிரே உட்கார்ந்து கேட்டதுதான். எனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று நீங்கள் நினைத்ததேயில்லை. பூசை முடிந்து வந்து மீன் வெட்டிக்கொண்டே சாமியாரின் பிரசங்கத்தைக் குறை சொல்வீர்கள், அவ்வளவுதான். அடுக்களையில் உழைத்த மார்த்தாளை விட்டு, காலடியில் உட்கார்ந்து கேட்ட தங்கையை ஆண்டவர் மெச்சும் கதை வந்த அன்று வீட்டில் யாரும் வாய் திறக்க முடியாது. 'எல்லாரும் காலடில உக்காந்து கேட்டுட்டே இருந்தா ராத்திரிக்கு எதத் திம்பாவ?' என்று மீனிடம் கேட்பீர்கள்.

ஊதாரி மகனையும் அப்படித்தான் முதலில் கேட்டேன். 'ரெண்டு பயலுவ. சின்னவன் தன் பங்கப் பிரிச்சு வாங்கிட்டு ஓடிட்டான். எல்லாத்தையும் தொலைச்சு, பன்னி மேய்ச்சு, வயிறு காஞ்சு திரும்பி வாரான். அப்பன் ஓடிப்போய்க் கட்டிப்பிடிச்சு, கன்னுக்குட்டிய அடிச்சு விருந்து வைக்கான். தாய்க்காரி அடுப்படில வெந்துக்கிட்டுக் கெடக்கா. வயக்காட்டுலருந்து மூத்தவன் வாரான். சங்கதி தெரிஞ்சதும் உள்ள வரமாட்டேன்னு வெளிய நிக்கான்.'

பிறகு கோயிலில் அதே கதையை வாசித்தபோது நான் திகைத்துப்போனேன். அந்தத் தாயைக் காணவில்லை. 'மாமி, அம்மாவ விட்டுட்டாங்களே' என்று உங்கள் காதில் சொன்னேன். 'அவ அதுல இல்லட்டி. அதான் எனக்கு ஆத்திரம்' என்றீர்கள், முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்க்கும்படி. 'அவ இல்லாம அந்தச் சோத்த வடிச்சது யாரு?' நீங்களாகச் சேர்த்துக்கொண்டவள் அவள் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆனால் கதையை நீங்கள் சும்மா திட்டவில்லை. ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னீர்கள்: 'ஓடுனவனும் நாமதான், வாசல்ல மொறச்சிக்கிட்டு நிக்கவனும் நாமதான். காலைல ஒருத்தன், சாயங்காலம் இன்னொருத்தன். மனுசன் அப்படித்தான் இருக்கான்.' மனிதர்களைப் பற்றி வேதம் சொல்வதை இதைவிடத் தெளிவாக நான் யாரிடமும் கேட்டதில்லை.

உங்கள் சின்ன மகன் ஓடிப்போனது நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில். மாமா படுக்கையில் கிடந்த நேரம். 'மெயின்லேண்ட் போறேன்' என்று கப்பல் ஏறியவர்தான், ஒரு தகவலுமில்லை. மாமா இறந்தபோது சொல்லி அனுப்பியும் வரவில்லை. படகை ஒற்றையாகத் தள்ளியதும், அப்பாவின் சவப்பெட்டியைச் சுமந்ததும் மூத்தவர்தான். தம்பி என்ற சொல்லே அவர் வாயில் வராமல் போயிற்று.

பிறகு, கறி சமைக்காத ஒரு தவக்காலத்தில், சென்னைக் கப்பல் வந்த அன்று, கொழுந்தன் வாசலில் வந்து நின்றார். ஒரு பை, காய்ந்த உதடு. நீங்கள் ஓடவுமில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. 'குளிச்சிட்டு வா, கப்பல் வாடை அடிக்கி' என்றீர்கள். அவர் கிணற்றடிக்குப் போனதும் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தீர்கள். 'கன்னுக்குட்டிக்கு நான் எங்க போவேன், தவக்காலத்துல' என்று அழுகைக்கு நடுவில் கேட்டீர்கள். வீட்டில் இருந்த பாரை மீனை முழுசாகக் குழம்பு வைத்தோம்.

கடலிலிருந்து வந்த உங்கள் மூத்தவர் வாசலில் கிடந்த வேற்றுச் செருப்பைப் பார்த்தார். 'தம்பி வந்திருக்காங்க' என்று நான்தான் சொன்னேன். அப்படியே திரும்பிப் போய்ப் பாதாம் மரத்தடியில், கவிழ்த்துப் போட்டிருந்த பழைய டிங்கிப் படகின் மேல் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் போய்க் கூப்பிட்டதும் பாதி இந்தியில் வெடித்தார்.

'சோடோ அம்மா, என்னய விடு. அப்பாவ மண்ணுல வைக்கும்போது வராதவனுக்கு நீ கொழம்பு வைக்க. வச்சிக் குடு. நான் உள்ள வரமாட்டேன்.'

'நீ சொல்லுதது சரிதாம்லே' என்றீர்கள். அவருடைய நியாயத்தை நீங்கள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. உள்ளே வந்தால், 'அண்ணன் வரட்டும்மா' என்று சின்னவர் வெறும் தட்டின் முன்னால் தலையைக் குனிந்திருக்கிறார். அடுப்பிலிருந்த டேக்ச்சியைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டீர்கள்.

'அந்தக் கதைல அப்பன் வெளிய போய்க் கூப்பிட்டான்லா. மூத்தவன் உள்ள வந்தானா?'

'அது வாசகத்துல இல்லையே மாமி.'

'இல்ல. அங்கயே நின்னுபோச்சு. தாய்க்காரி இருந்திருந்தா நிக்க விட்டிருக்கமாட்டா. புடி அந்தக் காத.'

டேக்ச்சியின் ஒரு காதை நீங்களும் மறு காதை நானும் பிடித்தோம். கை சுட்டது. மரத்தடிக் கல்லில் நீங்கள் இறக்கிய வேகத்தில் அடி நெளிந்தது. 'வெளிய வாலே' என்று வீட்டைப் பார்த்துச் சின்னவரைக் கூப்பிட்டீர்கள். மூத்தவரிடம் திரும்பி, 'உள்ள வரமாட்டேன்னுதான சொன்ன? வராண்டாம். இது வெளிய' என்றீர்கள். மீன் தலையை அவர் தட்டில் முதலில் வைத்தீர்கள்.

இருவரும் தின்றார்கள். பாதிச் சோற்றில் மூத்தவர் நிமிராமலே, 'முள்ளு பாத்துத் தின்னு' என்றார். அன்று அண்ணன் தம்பியிடம் சொன்னது அது ஒன்றுதான். நீங்கள் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் உள்ளே போய்விட்டீர்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. கொழுந்தன் சௌல்தாரியில் நிலம் பிடித்துக் காய்கறி போட்டார். அவ்வப்போது ஒரு முகச்சுளிப்பு, ஒரு குத்தல் இருக்கத்தான் செய்தது. ஆனால் அந்த வாசகம் வந்த ஞாயிறெல்லாம் பாதாம் மரத்தடியில்தான் சாப்பாடு. எத்தனை நல்ல நாட்கள் அவை, மாமி.

உங்களை அடக்கம் செய்த அன்று உறவுக்காரர் ஒருவர், 'அப்பனுக்கு வராதவன் ஆத்தாளுக்காவது வந்தானே' என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கொழுந்தன் அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் பேசாமல் நின்றார். அதன்பின் கொழுந்தன் இந்தப் பக்கம் வரவில்லை. போன வாரம் இவரிடம், 'தம்பியக் கூப்பிடுங்க' என்றேன். 'அம்மா கூப்பிட்டா வருவான்' என்றதோடு எழுந்து போய்விட்டார். அவர் கூப்பிட்டாரா இல்லையா என்று தெரியாமலே இன்று டேக்ச்சி நிறையக் குழம்பு வைத்தேன்.

மத்தியானம் கேட்டுக்கு வெளியே பைக் நின்றது. கொழுந்தன் இறங்கவில்லை, ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. வெண்டைக்காய்ப் பையை நீட்டினார். 'இத வாங்கிக்கிடுங்க அண்ணி. நான் கெளம்புதேன்.'

'ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க.'

'இல்ல அண்ணி. அம்மா இல்லாத வீட்டுக்குள்ள எந்த மொகத்தோட வர?'

திண்டாடிப்போய்த் திரும்பினேன். வாசற்படியில் இருந்த இவர் எழுந்து வீட்டுக்குள் போனார். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அடுக்களையிலிருந்து அவர் குரல் வந்தது. 'இங்க வந்து புடி அந்தக் காத.'

ஓடினேன். இருவருமாகத் தூக்கிக்கொண்டு பாதாம் மரத்தைத் தாண்டினோம். அவர் நிற்கவில்லை. கேட்டையும் தாண்டி, ரோட்டோரம் பைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கினார்.

'ஹெல்மெட்டக் கழத்துலே. சாப்பிடுவோம்.'

கழற்றியபோது கொழுந்தன் முகம் முழுக்க நனைந்திருந்தது. போகிற வருகிற ஆட்டோக்காரர்கள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். மீன் தலையைத் தம்பி தட்டில் வைத்தது உங்கள் மூத்த மகன்தான்.

உங்கள் பக்கத்துக் காதை இனி அவர் பிடித்துக்கொள்வார், மாமி. என் பக்கத்தை நான் விடவில்லை.